பதினாலாம் இலக்கக் குருவி

"புத்தகம் எண்டு எழுது."

"எழுதமாட்டன். பேனை என்ரை கையிலை இருக்கு."

"பேனை உன்ரை. தம்பி என்ரை."

"தம்பி உன்ரைதான், ஆர் இல்லையெண்டது? ஆனால் குருவி பாக்கிறது ஆற்றை கண்—"

"கண்ணைப் பற்றிக் கதைக்காதை செல்வம்."

"உன்ரை கண்ணை நான் சொல்லேல்லை. என்ரை கண்ணைச் சொல்லுறன். நூறு யார் தூரத்திலை நிக்கிற குருவி எனக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைச்சுக்கொண்டு புத்தகத்திலை எந்தப் பக்கத்தைத் தட்டுறது? தூரக்கண்ணாடி எண்டுதான்—"

"புள்ளி எண்டு நீ சொன்னாலும் எனக்கு விளங்கும். புத்தகம் எண்டு எழுது."

மேசையில் நீல எயார்மெயில் கடதாசி விரித்துக் கிடந்தது. 'அன்புள்ள தம்பி சிமியோனுக்கு, அக்கா ஸ்ரெல்லா எழுதிக்கொள்வது' என்ற ஒரு வரி மட்டும் அதில் இருந்தது. அந்த வரி எழுதி முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

எழுதியவள் செல்வநாயகி. கோப்பாயில் அந்த வீடு அவளுடையது. எழுதச் சொன்னவள் ஸ்ரெல்லா. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்து, ஒரே வருடத்தில் இளைப்பாறியவர்கள். படிப்பித்த காலம் முழுவதும் ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். குருநகரில் ஸ்ரெல்லாவின் வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்து, அவள் ஒரு தையல் மெசினையும் ஒரு மாதா சொரூபத்தையும் கொண்டு வந்து செல்வநாயகியின் முன்னறையில் குடியேறிய பிறகுதான் 'நீர்' போய் 'நீ' வந்தது. கோபம் வந்தால் மட்டும் 'நீர்' திரும்பி வரும்.

அது எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. சிமியோன் கப்பலில் வேலைக்குப் போய் லண்டனில் தங்கிவிட்டவன். அவனுடைய மனைவியின் தமையன் அருட்பிரகாசம், தாயை அழைத்துப் போவதற்காகத் தை மாதம் யாழ்ப்பாணம் வருகிறான் என்று செய்தி வந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவருடைய சூட்கேஸ் அவருடையது அல்ல. இனசனம் எல்லாம் அதைப் பங்கு போட்டுவிடும். அதனால் சிமியோன் முன்கூட்டியே எழுதிவிட்டான்: ஒரு வீட்டுக்கு ஒரு சாமான். ஒரு கிலோவுக்கு மேல் இல்லை. விடிந்ததும் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் பதில் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே சாமான். தூரக்கண்ணாடியா, புத்தகமா?

சனிக்கிழமை தோறும் விடியற்காலையில் செல்வநாயகி தன் சைக்கிளை மிதிக்க, ஸ்ரெல்லா பின்கரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள்ள, இருவரும் கைதடிப் பாலத்தடிக்குப் போவார்கள். கடல்நீரேரி அங்கே அகன்று, சேறும் நீருமாக, பறவைகளால் நிறைந்து கிடக்கும். ஏழு வருடமாக இது நடக்கிறது. ஊர் அவர்களுக்குக் 'கொக்கு ரீச்சர்மார்' என்று பெயர் வைத்து, அந்தப் பெயரும் பழசாகிவிட்டது.

ஸ்ரெல்லாவுக்குக் கண்ணில் பிரஷர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில், மூக்கில் முட்டுமளவுக்குப் பிடித்தால் எழுத்துத் தெரியும். கைக்கெட்டுகிற தூரத்துக்கு அப்பால் எல்லாம் கஞ்சி. அதுவும் இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே பாலத்தடியில் செல்வநாயகி கண்டதைச் சொல்லுவாள், ஸ்ரெல்லா கேட்டதைச் சொல்லுவாள். இரண்டும் ஒத்துப்போனால் கொப்பியில் பெயர் ஏறும். பெயர் தெரியாதவற்றுக்கு இலக்கம். கொப்பியில் பதினேழு இலக்கங்கள் இருந்தன.

அவற்றில் பதினாலாம் இலக்கம் ஸ்ரெல்லாவுடையது. சிறுவயதில் குருநகர்க் கரையில், தகப்பன் வள்ளத்தை இழுத்து ஏற்றும் நேரத்தில், அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். மூன்று சத்தம், நடுச்சத்தம் கீழே இறங்கி மூன்றாவது மேலே ஏறும். யாரையோ விட்டுவிட்டு வந்ததைப் போல இருக்கும். என்ன குருவி என்று கேட்டால் தகப்பன் "உள்ளான்" என்பார். கரையில் ஓடுகிற சின்னது எல்லாம் அவருக்கு உள்ளான்தான். கண் முழுதாகப் போவதற்கு முன் அதன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

வேலிக்கு அப்பால் ஏரம்பு மாஸ்ரர் மாட்டுக்கு வைக்கோல் உதறும் சத்தம் கேட்டது. பௌதிகம் படிப்பித்து இளைப்பாறியவர்.

"மாஸ்ரர், ஒருக்கா இஞ்சாலை வந்திட்டுப் போங்கோ," என்று செல்வநாயகி கூப்பிட்டாள்.

"என்ன, பாம்போ?"

"இல்லை, தூரக்கண்ணாடி."

"பாம்பெண்டால் தடியோடை வரலாம் எண்டு கேட்டனான்." வைக்கோல் தும்பைத் தட்டிக்கொண்டு அவர் வந்து கதிரையில் அமர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்துகொண்டார். ஆறு வருடமாக அவரிடம் ஒருவரும் பௌதிகம் கேட்டதில்லை.

"அதிலை ரண்டு எண் இருக்கும் ரீச்சர். எட்டுத்தர முப்பது எண்டு வைப்பம். எட்டெண்டால் எட்டு மடங்கு கிட்டக் கொண்டு வரும். முப்பதெண்டால் முன் கண்ணாடியின்ரை அகலம், மில்லிமீற்றர் கணக்கிலை. அகலம் கூடினால் வெளிச்சம் கூட வரும். பாரமும் கூட வரும்."

"பத்து, பன்னிரண்டு எண்டெல்லாம் இருக்காமே?"

"இருபதும் இருக்கு. உங்கடை கை நடுங்கிறது உங்களுக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும். இருபது மடங்கெண்டால் நடுக்கமும் இருபது மடங்கு. குருவி கூத்தாடும். உங்களுக்கு எட்டுக் காணும், அதுக்கு மேலை வேண்டாம்."

"இவளின்ரை கண்ணுக்கு?"

மாஸ்ரர் வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த தும்பைத் தேடி எடுத்தார். "கண்ணுக்குள்ளை இருக்கிற மங்கலை அது தீர்க்காது பாருங்கோ…"

"நேராச் சொல்லுங்கோ மாஸ்ரர்," என்றாள் ஸ்ரெல்லா. "மங்கலும் எட்டு மடங்கு. அவ்வளவுதானே?"

மாஸ்ரர் மறுக்கவில்லை. பேச்சை மாற்றினார். "அதைவிட ஒரு காரியம். பாலத்துக்கு அங்காலை ஆமிக் காம்ப். வெய்யில் பட்டால் கண்ணாடி மின்னும். மின்னினால், அம்மா கொக்குப் பாக்கிறாவோ எங்களைப் பாக்கிறாவோ எண்டு அவங்கள் ஆராய்ஞ்சுகொண்டு இருக்கமாட்டாங்கள். இஞ்சாலை நிக்கிற எங்கடை இயக்கப் பெடியளும், ஆருக்குப் பாத்துச் சொல்லுறியள் எண்டு கேப்பாங்கள். ரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்திலை சந்தேகம் வரக்கூடிய சாமான் உது ஒண்டுதான்."

"கேட்டியோ?"

"கேட்டன். சேலைத் தலைப்பாலை மூடிப் பிடிச்சால் மின்னுமோ மாஸ்ரர்?"

"மூடிப் பிடிச்சால் மின்னாது."

"கேட்டியோ?"

மாஸ்ரர் இரண்டு பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படலையைச் சாத்தும் சத்தத்துக்கு ஸ்ரெல்லா காத்திருந்தாள். பிறகு, மேசை விளிம்பைத் தடவியபடி சொன்னாள்:

"காம்புக்குப் பயந்து நான் சொல்லேல்லை செல்வம்."

"பின்னை?"

"தூரத்திலை உள்ளதைக் கண்ணாடி உனக்குக் கிட்டக் கொண்டு வரும். எனக்குக் கிட்ட வரக்கூடியது புத்தகம் மட்டுந்தான். மூக்கிலை வைச்செண்டாலும் பாத்திடுவன்."

"அது எனக்குத் தெரியாதோ? ஆனால் பதினாலு எது எண்டு தெரியாமல் புத்தகத்திலை எதைப் பாப்பாய்? முதல் நான் ஒழுங்காப் பாக்கவேணும். அதுக்குத்தானே—"

"இன்னொண்டும் இருக்கு."

"என்ன?"

"நீ கண்ணாடியைக் கண்ணிலை வைச்சால் வாயைத் திறக்கமாட்டாய்."

செல்வநாயகி சிரித்துவிட்டாள். "நானோ? நான் வாய் மூடுவனோ? பள்ளிக்கூடத்திலை அடுத்த வகுப்புப் பிள்ளையளுக்கும் சேர்த்துப் பூமிசாத்திரம் படிப்பிச்சனான்."

"சிரிக்காதை. இப்ப நீ புள்ளி எண்டு கண்டாலும் சொல்லுறாய். மண்ணிறம், ரண்டு நிக்குது, ஒண்டு தலையைச் சொறியுது, அக்கரையிலை வெள்ளையா நுரை எண்டு எல்லாம் சொல்லுறாய். வடிவாத் தெரியாததாலைதான் உனக்கு அவ்வளவு கதை. தெரிஞ்சிட்டால் பாத்துக்கொண்டு நிப்பாய். நான் கரியரிலை வந்த சாக்கு மாதிரிப் பக்கத்திலை இருப்பன்."

செல்வநாயகி அதற்கு மேல் சிரிக்கவில்லை. பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"சொல்லு. எழுதுறன்."

"நிறத்திலை கீறின படங்களோடை ஒரு புத்தகம் எண்டு எழுது. போட்டோப் பிடிச்ச படம் வேண்டாம்."

"ஏன், போட்டோ நல்லாயிருக்குமே?"

"போட்டோவிலை இருக்கிறது அண்டைக்கு அந்த வெய்யிலிலை நிண்ட ஒரு குருவி. கீறுறவன் நூறு குருவியைப் பாத்துத்தான் ஒண்டைக் கீறுவான். குருவி எல்லாம் இருக்கிற புத்தகமா எண்டு எழுது. கைப்பைக்குள்ளை வைக்கக்கூடிய அளவா."

செல்வநாயகி எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். ஸ்ரெல்லா திருப்தியோடு மாதா சொரூபத்துக்கு முன்னால் செபமாலை சொல்லப் போனாள்.

அந்த நீலக் கடதாசியை மூன்றாக மடித்தால், ஒட்டுகிற மடிப்பில் இரண்டு விரல் இடம் மிஞ்சும். முன்னறையில் 'அருள் நிறைந்த மரியே' ஓடிக்கொண்டிருக்கும்போது செல்வநாயகி அந்த இரண்டு விரல் இடத்தில் எழுதினாள்: 'இடம் இருந்தால் சின்ன பைனாக்குலர் ஒன்று, 8 தர 30. அக்காவுக்கு இப்போது தெரிய வேண்டாம். செ.நா.' எழுதிவிட்டு உடனே எச்சில் தொட்டு ஒட்டினாள், மனம் மாறுவதற்கு இடம் வைக்காமல்.

*

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் அருட்பிரகாசம் வந்தான். சூட்கேஸைச் சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டி, வீடு வீடாகப் பங்கு கொடுத்து, கோப்பாய்க்கு வரும்போது அது பாதி மெலிந்திருந்தது.

"பிடியுங்கோ ஸ்ரெல்லா அக்கா. உங்கடை குருவி."

ஸ்ரெல்லா சுற்றியிருந்த கடதாசியைக் கிழிக்காமல் பிரித்தாள். பளபளப்பான அட்டை, புது மையின் மணம். முதல் பக்கத்தை வலது கண்ணுக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"இறகெல்லாம் ஒவ்வொண்டாக் கீறியிருக்கு," என்றாள் மெல்ல.

செல்வநாயகி புத்தகத்தை வாங்கி அட்டவணையில் விரலை ஓட்டினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். "செம்பகம் இல்லை. மாம்பழத்தான் இல்லை. எங்கடை மைனா இல்லை, புலுனி இல்லை. உதென்ன, காகமே வேறை மாதிரி. அருட்பிரகாசம், இது எந்த ஊர்க் குருவி?"

"பிரித்தானியக் குருவி. லண்டன் கடையிலை வேறை எந்த ஊர்க் குருவி இருக்கும்?"

"நாங்கள் இஞ்சத்தைக் குருவிக்கெல்லோ கேட்டனாங்கள்."

"கேட்டியளோ? சிமியோன் மச்சான் கடிதத்தைக் காட்டினவர். குருவி எல்லாம் இருக்கிற புத்தகம் எண்டுதான் இருந்தது. எந்த ஊரெண்டு இல்லை."

செல்வநாயகி புத்தகத்தை மூடி ஸ்ரெல்லாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அது உண்மை. போட்டோ வேண்டாம் என்று எழுதினார்கள், அளவு எழுதினார்கள். குருவி என்றால் கைதடிப் பாலத்தடியில் நிற்பதுதான் என்பதால் ஊர்ப்பெயர் இருவருக்கும் தோன்றவில்லை. அதோடு, லண்டனில் வாங்குகிற புத்தகத்தில் இல்லாதது என்ன இருக்கப் போகிறது என்ற நம்பிக்கை வேறு.

அருட்பிரகாசம் அவர்களைத் தேற்ற நினைத்தான். சூட்கேஸின் அடியிலிருந்து சோறு அவிக்கிற மின்சாரச் சட்டி ஒன்றைத் தூக்கினான். "சட்டி சின்னம்மாவுக்கு. உள்ளுக்குள்ளை இருக்கிறதுதான் உங்களுக்கு. வழி முழுக்க ஆமிச் சோதினை, என்ரை உயிர் இந்தச் சட்டிக்குள்ளை கிடந்து வெந்தது." துவாயைப் பிரித்து, கறுப்பாக, கையடக்கமாக ஒன்றை எடுத்து வைத்தான். "செல்வநாயகி அக்கா எழுதினபடி எட்டுத்தர முப்பது. சரியோ?"

ஸ்ரெல்லாவின் முகம் செல்வநாயகியின் பக்கம் திரும்பியது. அவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, சின்னம்மா காத்திருப்பா என்று சொல்லிக் கிளம்பினான்.

படலை சாத்தியது.

"நீர் எழுதினீரோ?"

"ஓம்."

"நான் செபமாலை சொல்லேக்கையோ?"

"ஓம்."

"எத்தினையாம் காரணிக்கத்திலை? எத்தினையாம் மணியிலை?"

"ஸ்ரெல்லா…"

"இல்லை, கேக்கிறன். மாதாவுக்கு முன்னாலை நான் உமக்காகவும் ஒரு மணி உருட்டினனான். அந்த மணியிலையோ எண்டுதான்." ஸ்ரெல்லா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். "என்ரை கண்ணாலை எழுதேலாது எண்டுதானே உம்மடை கையிலை பேனையைத் தந்தனான், செல்வநாயகி ரீச்சர்."

அதன்பிறகு அந்த வீட்டில் 'நீர்'தான். 'சோறு போடும்.' 'தண்ணி வாரும்.' 'விளக்கைக் குறையும்.' அந்தச் சனிக்கிழமை பாலத்தடிக்குப் போகவில்லை. தூரக்கண்ணாடி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் துவாயோடு கிடந்தது.

ஆனால் ஸ்ரெல்லா புத்தகத்தை விடவில்லை. பகல் முழுவதும் யன்னலடியில், மூக்கு தாளில் படப்படப் பார்த்தாள். அதில் ஒவ்வொரு குருவியின் சத்தத்தையும் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அவள் எழுத்தைக் கூட்டி வாசித்து, அதைச் சத்தமாக்கிப் பார்த்தாள். முன்னறையிலிருந்து கீச்சு, கூவல், விக்கல் எல்லாம் வந்தன.

வேலிக்கு மேலால் ஏரம்பு மாஸ்ரர் கேட்டார்: "ரீச்சருக்குத் தொண்டை சரியில்லையோ? வேர்க்கொம்பு அவிச்சுத் தரட்டோ?"

"தொண்டை நல்லாயிருக்கு மாஸ்ரர். உறவுதான் சரியில்லை," என்றாள் செல்வநாயகி.

ஐந்தாம் நாள் பின்னேரம் முன்னறையில் மூன்று சத்தம் கேட்டது. மேலே, கீழே, மறுபடி மேலே. பிறகு அமைதி. பிறகு அதே மூன்று.

"ரீச்சர். இஞ்சை வாரும்."

செல்வநாயகி கை ஈரத்தோடு ஓடினாள்.

"இதை வாசியும். ட்லீ, ஊ, ஈ எண்டுதானே கிடக்கு?"

"ஓம். ட்லீ-ஊ-ஈ. இதெப்பிடி உள்ளானின்ரை சத்தம்?"

"வெள்ளைக்காரன்ரை காதுக்கு அப்பிடி. எழுத்தை விடும், இறங்கி ஏறுது பாரும். சோகமாக் கூவும் எண்டும் எழுதியிருக்கு. இது பதினாலு."

செல்வநாயகி படத்தைப் பார்த்தாள். முகமும் நெஞ்சும் வயிறும் கரிக்கறுப்பு, முதுகில் வெள்ளி தெளித்தது போல. "இப்பிடி ஒண்டு பாலத்தடியிலை இல்லை. நிண்டிருந்தால் வெறுங் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்."

"மூலையிலை இன்னொரு சின்னப் படம். நான் ரண்டு நாளாப் பாத்துத்தான் கண்டுபிடிச்சன். சாம்பல். குளிர்காலத்திலை எண்டு போட்டிருக்கு." ஸ்ரெல்லா விரலால் அந்த மூலையைத் தட்டினாள். "விளங்குதே? வடதுருவத்துப் பக்கம் கூடு கட்டேக்கை உந்தக் கறுப்பு. பெரிசாக் கீறி வைச்சிருக்கிறது கலியாண உடுப்பு. எங்களிட்டை வரேக்கை வீட்டுச் சேலையோடை வருகுது."

செல்வநாயகி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மற்றப் பக்கங்களையும் புரட்டினாள். கரையில் ஓடுகிறவற்றின் பக்கங்கள் எல்லாவற்றிலும் மூலையில் ஒரு சாம்பல் படம் இருந்தது. மூன்றாம் இலக்கம் இங்கே நின்றது. அடுத்த பக்கத்தில் இருந்தது அநேகமாக ஒன்பது. புலுனியும் செம்பகமும் இல்லாத புத்தகத்தில், பெயர் தெரியாத இலக்கங்கள் பாதி இருந்தன. அவை அந்த நாட்டுக்கும் போகிறவை, இங்கேயும் வருகிறவை.

"ஆனால் சாம்பல் எண்டால் ஒம்பதும் சாம்பல், பதினொண்டும் சாம்பல்," என்றாள். "பதினாலை எப்பிடிப் பிரிக்கிறது?"

"அதுவும் எழுதியிருக்கு. பறக்கேக்கை செட்டைக்குக் கீழை, கமக்கட்டுக்குள்ளை கறுப்புத் தெரியுமாம். வேறை ஒண்டுக்கும் அப்பிடி இல்லையாம்."

பறக்கிற குருவியின் கமக்கட்டை வெறுங் கண்ணால் பார்க்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். செல்வநாயகி அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அந்த ஐந்து நாளில் அவள் செய்த ஒரே நல்ல காரியம்.

கடைசியில் ஸ்ரெல்லா சொன்னாள்: "அரிசிப் பெட்டிக்குப் பின்னாலை கிடக்கிறதை எடும்."

"ஸ்ரெல்லா, நான்—"

"ஒரு நிபந்தனை. கண்ணிலை வைச்ச நேரம் தொடக்கம் வாய் ஓடவேணும். வாய் நிண்டால் பறிச்சுத் தண்ணிக்குள்ளை எறிஞ்சுபோடுவன்."

"ஓடும். நீர் போதும் எண்டு சொல்லுற வரைக்கும் ஓடும்."

*

சனிக்கிழமை தூரக்கண்ணாடி முருங்கையிலைக் கட்டுக்குக் கீழே கூடையில் போனது. பாலத்தடிக்கு இந்தப் பக்கம், கண்டல் பற்றைக்குப் பின்னால், சாக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். முழங்காலளவு நீரில் முருகேசு வீச்சுவலையோடு நின்றார். அவர் சனிக்கிழமைதோறும் சொல்வதை அன்றும் சொன்னார்.

"நேற்றைக்கும் இதே கொக்குத்தான் நிண்டது ரீச்சர். புதுசா ஒண்டும் வரேல்லை."

"பரவாயில்லை அண்ணை, பழசையே பாக்கிறம்."

செல்வநாயகி சேலைத் தலைப்பைத் தலைக்கு மேலால் இழுத்து, கண்ணாடியையும் சேர்த்து மூடிக்கொண்டாள். முதலில் வானம் மட்டும் தெரிந்தது. பிறகு சேறு. பிறகு சேற்றில் ஒரு கால்.

"சொல்லும்," என்றாள் ஸ்ரெல்லா. புத்தகம் அவள் மடியில், விரல் பக்கத்தில்.

"கால் தெரியுது. சிவப்புக் கால். மேலை மண்ணிறம். இது எங்கடை பவளக்காலி. ஐயோ ஸ்ரெல்லா, அதின்ரை கண்ணிமை தெரியுது. வெள்ளையா ஒரு வட்டம். இப்ப குனியுது. ஒரு புழுவை இழுக்குது, புழு வருகுதில்லை. இன்னும் இழுக்குது. பக்கத்திலை சின்னன் நாலு ஓடுது, தைக்கிற மெசின் ஊசி மாதிரிச் சேத்தைக் குத்திக்கொண்டு. அது மூண்டாம் நம்பர். அங்காலை ஒரு கொக்கு, முருகேசண்ணையின்ரை கொக்குத்தான்…"

அவள் பேசினாள். வகுப்பில் பேசியதைவிட வேகமாகப் பேசினாள். ஸ்ரெல்லா முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கையைத் தூக்கினாள்.

"நில்லும். இடப்பக்கம்."

மூன்று சத்தம். நடுச்சத்தம் இறங்கி, மூன்றாவது ஏறியது.

செல்வநாயகி கண்ணாடியை இடப்பக்கம் திருப்பினாள். "சேறு. சேறு. தண்ணி. நிக்குது. ஒண்டு தனிய நிக்குது. சாம்பல். பெரிய கண், அழுதுபோட்டு நிக்கிறது மாதிரி. சொண்டு கட்டை. அசையுதில்லை."

"பறக்கவேணும்."

"பறக்குதில்லை. எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது."

"முருகேசண்ணை," என்று ஸ்ரெல்லா குரல் கொடுத்தாள். "வலையை இடப்பக்கம் ஒருக்கா வீசுங்கோ."

"அங்காலை மீனில்லை ரீச்சர்."

"மீனுக்கில்லை."

முருகேசு ஒரு கணம் யோசித்தார். பிறகு, இவ்வளவு காலம் பார்த்தவர்கள் ஏதோ கேட்கிறார்கள் என்ற மரியாதையில், வலையை வட்டமாக எறிந்தார். குருவி எழும்பியது.

"செட்டை வெள்ளை. வால்பக்கம் வெள்ளை. செட்டையைத் தூக்குது… கறுப்பு. ஸ்ரெல்லா, கமக்கட்டுக் கறுப்பு. ரண்டு பக்கமும் கறுப்பு. மை தொட்டு வைச்சது மாதிரிக் கறுப்பு."

ஸ்ரெல்லா புத்தகத்தை முகத்துக்குக் கொண்டுபோய், மூலையில் இருந்த அந்தச் சாம்பல் படத்தில் வலது கண்ணை வைத்தாள். அப்படியே இருந்தாள். தலைக்கு மேலால் அந்த மூன்று சத்தமும் ஒருதரம் போனது. படத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

"அப்பா உன்னை உள்ளான் எண்டெல்லோ சொல்லிப்போட்டார்," என்றாள் படத்திடம்.

பிறகு கொப்பியை வாங்கி, மூக்கு தாளில் உரச, தானே எழுதினாள். புத்தகத்தில் இருந்த ஆங்கிலப் பெயரைப் பார்த்து எழுதிவிட்டு, பக்கத்தில் தமிழில் 'கமக்கட்டுக் கறுப்பன்' என்று எழுதினாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.

"வடிவான பேர்," என்றாள் செல்வநாயகி.

"வடிவோ இல்லையோ, பேர். நீ வாங்கின கண்ணாடியைக் கொஞ்சம் மன்னிச்சிருக்கிறன். கொஞ்சந்தான். சரி, சொல்லு. வேறை என்ன நிக்குது?"

'நீ' வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். செல்வநாயகி சேலைத் தலைப்பைத் திருத்தி, கண்ணாடியை மறுபடி கண்ணில் வைத்தாள்.

"இஞ்சாலை தாராக்கள். பதினெட்டு, பத்தொம்பது. வால் ஊசி மாதிரி நீண்டது. அங்காலை தண்ணி. அதுக்கும் அங்காலை நடுத்திட்டி. திட்டிக்குப் பின்னாலை அக்கரை. அக்கரையிலை, எப்பவும்போலை, வெள்ளையா நுரை…"

அவள் கண்ணாடியின் திருகைக் கொஞ்சம் திருப்பினாள்.

ஏழு வருடமாக அவள் சொல்லிவந்த நுரை அது. தை, மாசியில் காற்றுக்குக் கரையில் ஒதுங்குகிற உப்பு நுரை என்று பூமிசாத்திரக் காரணமும் சொல்லியிருந்தாள். ஸ்ரெல்லாவும் அதைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தாள்: அக்கரையில் நுரை, காற்று வடகீழ். கண்ணாடிக்குள் இப்போது அந்த நுரைக்குக் கால் இருந்தது. நீளமான, மெல்லிய, ஆயிரம் கால். கால்களுக்கு மேல் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக உடல்கள், வளைந்து நீருக்குள் இறங்கிய கழுத்துகள். கரை முடியும்வரை பூநாரை. ஏதோ ஒரு காரணத்துக்காக அதில் ஒரு பகுதி செட்டையைத் திறந்தது. திறந்த இடமெல்லாம் செக்கச்சிவப்பாகி, அந்தச் சிவப்பு கரைவழியே ஓடத் தொடங்கியது.

செல்வநாயகியின் வாய் திறந்திருந்தது. ஏழு வருடத்துச் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் தான் இவளுக்கு என்ன சொல்லியிருக்கிறேன் என்ற நினைப்பு அந்தச் சிவப்போடு சேர்ந்து வந்தது. எங்கிருந்து தொடங்கிச் சொல்வதென்று தெரியவில்லை. கண்ணாடியை எடுக்கவும் முடியவில்லை. இடது கை மட்டும் சாக்கின்மேல் தடவிப் போய், ஸ்ரெல்லாவின் மணிக்கட்டைக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

காற்று அக்கரைப் பக்கம் அடித்தது. ஒரு சத்தமும் இங்கே வரவில்லை. ஸ்ரெல்லா கேட்டாள், காத்திருந்தாள், மறுபடி காதைக் கொடுத்தாள். முருகேசின் வலை நீரில் விழும் சத்தம் மட்டும். பிடித்திருந்த கையின் இறுக்கம் குறையவில்லை. அவள் கண்ணாடியைப் பறிக்கவில்லை. மற்றக் கையை அந்தக் கையின்மேல் வைத்தாள்.

"கையைப் பிடிச்சால் காணுமே செல்வம்? வாயாலை சொல்லன்."